இன்ஜினியர் ‘ஓகே’ சொன்ன பிறகும் கன்ட்ரோல் தவறினால்: ஆய்வகப் பயிற்சியாளர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். பயோகெமிஸ்ட்ரி பிரிவின் தானியங்கி அனலைசரில் சில வாரங்களாக எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி), பொட்டாசியம் இரண்டின் கன்ட்ரோலும் (அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) ஒரு நாள் சரியாக வருகின்றன, மறுநாள் எல்லையைத் தாண்டிவிடுகின்றன. சர்வீஸ் இன்ஜினியர் வந்து சுத்தம் செய்துவிட்டு, “இப்ப ஓகே, ரன் பண்ணுங்க” என்று சொல்லிப் போகிறார். மீண்டும் அழைத்தால் ரீஏஜென்ட்டிலோ (சோதனைக்கான வேதிக்கரைசல்) தண்ணீரிலோதான் குறை என்கிறார். ரீஏஜென்ட் நிறுவனத்தின் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்டோ கருவியில்தான் குறை என்கிறார். காலை ஷிஃப்டில் இன்ஜினியருடன் நிற்பது பெரும்பாலும் நான்தான். “நீங்க என்ன பண்ணீங்க?” என்று அவர் கேட்கும்போது குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது. சீனியர் போனில், “அவர் ஓகேன்னா ஓட்டிடு” என்கிறார். நான் அவரிடம் எப்படிப் பேச வேண்டும்? எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்? அவர் சொன்னார் என்பதற்காக நோயாளிகளின் சாம்பிளை ஓட்டலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

“நீங்க என்ன பண்ணீங்க?” என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதைத் தவறாக எடுத்துக்கொள்வதால்தான் பயிற்சியாளர்கள் பலர், இன்ஜினியர் வரும் நேரத்தில் வேறு வேலை இருப்பதுபோல் நழுவிவிடுகிறார்கள். கேட்கும் தொனி எப்படி இருந்தாலும், பழுது பார்ப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை. பழுது தோன்றுவதற்கு முன் ரீஏஜென்ட் பாட்டில் மாற்றப்பட்டதா, புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) திறக்கப்பட்டதா, வாராந்திரப் பராமரிப்பு நடந்ததா, மின்சாரம் போய் வந்ததா, யாராவது புரோபை (திரவத்தை உறிஞ்சும் ஊசி) துடைத்தார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கருவியின் பதிவில் அலாரம் இருக்கும். அதற்கு முன் மேசையில் நடந்தது இருக்காது. அது உங்களுக்கு மட்டுமே தெரியும். “நான் ஒண்ணும் பண்ணல சார்” என்று சொன்னால் நீங்கள் தப்பித்ததாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் செய்யக்கூடியது, போன முறை துடைத்த அதே புரோபை மறுபடியும் துடைப்பதுதான்.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “காலைல ஆறே முக்காலுக்கு எஸ்.ஜி.பி.டி. பாட்டில் தீர்ந்துச்சு சார், அதே லாட்ல புதுசு வெச்சோம், காலிபரேஷன் பண்ணல. ஏழு பத்துக்கு லெவல் ஒண்ணு சரியா வந்துச்சு, லெவல் ரெண்டு ப்ளஸ் மூணு எஸ்.டி.யைத் தாண்டிடுச்சு. அதையே திரும்பப் போட்டா மைனஸ் ரெண்டரை. குளுக்கோஸ், கிரியேட்டினின் ரெண்டும் நல்லா இருக்கு.” (லெவல் என்பது கன்ட்ரோலின் செறிவு மட்டம்; எஸ்.டி. என்பது கன்ட்ரோல் எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு; காலிபரேஷன் என்பது அளவு தெரிந்த கரைசலைக் கொண்டு கருவியின் கணக்கைச் சரிப்படுத்துவது.) இதில் யார் மீதும் பழி இல்லை, ஊகமும் இல்லை. ஆனால் ஒரே கன்ட்ரோல், ஒரே காலையில், மேலும் கீழுமாகச் சிதறுகிறது என்பதையும், சிதறல் எல்லா டெஸ்டிலும் இல்லை என்பதையும் கேட்டவுடன், அனுபவமுள்ள இன்ஜினியர் காலிபரேஷனைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடத் தொடங்குவார்.

இந்தத் தகவலை அவர் வந்து நின்ற பிறகு சொல்வதைவிட, அவர் கிளம்புவதற்கு முன்பே தெரிவிப்பது இன்னும் நல்லது. சேலத்துடன் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்து ஒரே இன்ஜினியர் பார்த்துக்கொள்வது இத்துறையில் உண்டு. அவர் பையில் எந்த உதிரிப் பாகத்தை எடுத்து வருகிறார் என்பது, “மெஷின் சரியில்ல, சீக்கிரம் வாங்க” என்று நாம் சொன்னோமா, விவரம் சொன்னோமா என்பதைப் பொறுத்தது. லேம்ப் தேவைப்படும் இடத்துக்கு லேம்ப் இல்லாமல் வந்தவர், சுத்தம் செய்துவிட்டுத்தான் போவார். அவர் வேறு என்ன செய்ய முடியும்?

எதைக் குறித்து வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அலாரத்தின் குறியீட்டு எண்ணையும் அதனுடன் வரும் வாசகத்தையும் முழுமையாக எழுதுங்கள். நாளும் நேரமும், எந்த டெஸ்ட், ரேக்கில் (சாம்பிள் குழாய்த் தாங்கி) எந்த இடம், ரீஏஜென்ட், காலிபரேட்டர், கன்ட்ரோல் மூன்றின் லாட் எண்கள், கடைசியாகக் காலிபரேஷன் செய்த நாள், அறையின் வெப்பநிலை, தண்ணீர்ச் சாதனம் அன்று காலை காட்டிய அளவு ஆகியவையும் வேண்டும். அவற்றோடு, அதே நேரத்தில் சரியாக வந்த டெஸ்டுகளின் பெயர்களையும் எழுதுங்கள். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எது கெட்டது என்பதைவிட எது கெடவில்லை என்பதே பழுதின் இடத்தை அதிகமாகக் குறுக்கும். திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் இருந்தால், நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலாரத்தை அழித்துவிட்டு அடுத்த ரேக்கை ஏற்றுவதும், எதற்கெடுத்தாலும் கருவியை அணைத்துப் போடுவதும் நம் ஆய்வகங்களில் ஊறிப்போன பழக்கங்கள். அணைத்துப் போட்டால் சில பழுதுகள் கொஞ்ச நேரம் மறையும். ஆனால் ஆர்ம் (புரோபைத் தாங்கி நகரும் கை) எந்த இடத்தில் நின்றது, எந்தச் செயலின் நடுவே நின்றது என்ற தடயமும் அதோடு போய்விடும். புகையோ, கருகிய வாடையோ, மின்பகுதிக்குள் நீர்க்கசிவோ இருந்தால் உடனே அணைக்க வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்ற நேரங்களில் முதலில் எழுதிக்கொண்டு, பிறகு கருவியின் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் கை வையுங்கள்.

இனி, கன்ட்ரோல் எண்களை நாள்வாரியாகப் புள்ளிகளாகக் குறிக்கும் கன்ட்ரோல் சார்ட்டுக்கு வருவோம். லெவேயும் ஜென்னிங்ஸும் 1950இல் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த அந்தப் படத்தையும், ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் குழுவினர் 1981இல் வெளியிட்ட பல்விதி முறையையும் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். பெரும்பாலான இடங்களில் அவை ‘பாஸா, ஃபெயிலா’ என்று பார்க்க மட்டுமே பயன்படுகின்றன. இன்ஜினியருடன் பேசும்போது அவற்றுக்கு வேறொரு பயன் உண்டு. ஒரு புள்ளி மூன்று எஸ்.டி.யைத் தாண்டுவதும், ஒரே ஓட்டத்தில் ஒன்று மேலே இரண்டையும் மற்றொன்று கீழே இரண்டையும் தாண்டுவதும் சிதறல் வகைப் பிழையைக் காட்டும். குமிழி, புரோபில் அடைப்பு, கசியும் சிரிஞ்ச், நிலையற்ற லேம்ப் போன்றவை அதன் பின்னால் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கத்தில் இரண்டு எஸ்.டி.யைத் தாண்டுவதும், பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கத்தில் விழுவதும் முறைசார்ந்த பிழையைக் காட்டும். அங்கே காலிபரேஷன், லாட் மாற்றம், கெட்டுப்போன ரீஏஜென்ட், இன்குபேஷன் வெப்பநிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடந்த ஒரு மாதத்தின் சார்ட்டை அச்செடுத்து, இன்ஜினியர் வந்த நாள்களையும் பாட்டில் மாற்றிய நாள்களையும் பேனாவால் குறித்து அவர் முன் வையுங்கள். அந்த ஒரு தாள் வாய்ச்சண்டையைப் பாதியாகக் குறைக்கும்.

உங்கள் இரண்டு டெஸ்டுகளை எடுத்துக்கொள்வோம். எஸ்.ஜி.பி.டி. ஒளியை அளந்து கிடைக்கும் முடிவு, பொட்டாசியம் ஐ.எஸ்.ஈ. (அயனியைத் தேர்ந்து உணரும் எலக்ட்ரோடு) பகுதியில் எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தை அளந்து கிடைக்கும் முடிவு. இரண்டும் ஒரே சமயத்தில் தவறுவதால் ஒரே காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். இரண்டுக்கும் பொதுவானவை சில உண்டு: சில மாடல்களில் சாம்பிள் எடுக்கும் புரோப், பின் தண்ணீர், மின்சாரம். புரோப்தான் காரணமென்றால் குளுக்கோஸும் கிரியேட்டினினும் அதே புரோப் வழியாகத்தானே போகின்றன, அவையும் ஆடியிருக்க வேண்டும். அவை ஆடவில்லை என்றால், நீங்கள் இரண்டு தனித்தனிப் பழுதுகளை ஒரே பெயரில் புகார் செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினியரும் அதனாலேயே குழம்பியிருக்கலாம்.

எஸ்.ஜி.பி.டி. முறையில் என்.ஏ.டி.எச். என்ற துணைநொதி செலவாகச் செலவாக 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் குறைந்துகொண்டே வருவதை அளக்கிறோம். எஸ்.ஜி.ஓ.டி., எல்.டி.எச். என்ற நொதிகள், என்.ஏ.டி.எச்.ஐ வைத்து அளக்கும் யூரியேஸ் முறையிலான யூரியா எல்லாம் இதே 340இல்தான் படிக்கப்படுகின்றன. ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. முறை குளுக்கோஸ், ஜாஃபே முறை கிரியேட்டினின் இரண்டும் 500 நானோமீட்டரை ஒட்டிய பச்சைப் பகுதியில். ஹாலஜன் லேம்ப்பின் ஒளி, புதிதாக இருக்கும்போதே 340இல் குறைவுதான்; லேம்ப் பழசாகும்போது முதலில் தேய்வதும் அந்தப் பகுதிதான். ஆகவே எஸ்.ஜி.ஓ.டி., யூரியா கன்ட்ரோல்களையும் சேர்த்துப் பாருங்கள். அவையும் சிதறி, குளுக்கோஸ் அசையாமல் நின்றால், லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துக் கையேட்டின் எல்லையுடன் ஒப்பிடுங்கள். மாறாக, எஸ்.ஜி.பி.டி. மட்டும் தனியாகச் சிதறினால் பாட்டிலுக்குள் பாருங்கள்: நுரை இருக்கிறதா, பாட்டில் திறந்து எத்தனை நாள் ஆயிற்று, ரீஏஜென்ட் அறையின் குளிர்ச்சி சரியாக இருக்கிறதா? பல கருவிகளில் புரோப் திரவ மட்டத்தை மின்சார முறையில்தான் உணர்கிறது; நுரையின் மேல்பரப்பைத் திரவம் என்று நம்பி காற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.

இதைவிட நெருக்கமாகப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பயிற்சிக் காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். தவறிய கன்ட்ரோலின் ரியாக்ஷன் கர்வை (நேரத்துக்கேற்ப ஒளி உறிஞ்சுதல் மாறுவதைக் காட்டும் வரைகோடு) திரையில் திறந்து பாருங்கள். ஒழுங்கான எஸ்.ஜி.பி.டி. ஓட்டத்தில் புள்ளிகள் சரிவான நேர்கோட்டில் இறங்கும். லேம்ப் தளர்ந்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் ரம்பப் பல்போல் மேலும் கீழும் துள்ளும். குமிழி ஒன்று ஒளிப்பாதையில் நின்றுபோயிருந்தால் ஓரிரு புள்ளிகள் மட்டும் திடீரென எகிறி, மற்றவை ஒழுங்காக இருக்கும். குறிப்பிட்ட ஒரு க்யூவெட்டில் (வினை நடக்கும் சிறு குப்பி) மட்டும் இது திரும்பத் திரும்ப நடந்தால், அந்த க்யூவெட் கீறியோ கறைபடிந்தோ இருக்கும். சரியாக வந்த நாளின் கர்வ் ஒன்றையும் தவறிய நாளின் கர்வ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “சார், இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க” என்று கேளுங்கள். உங்கள் மீதான மரியாதை அந்த நிமிடமே மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு ஆட்களைப் பற்றியதாக இல்லாமல் கர்வைப் பற்றியதாக மாறிவிடும், நமக்கு அது போதும்.

பொட்டாசியத்துக்கு வேறு கணக்கு. 37 டிகிரியில் ஒற்றை மின்னூட்ட அயனிக்கான எலக்ட்ரோடு, செறிவு பத்து மடங்காகும்போது கோட்பாட்டின்படி சுமார் 61.5 மில்லிவோல்ட் மாற வேண்டும். அதைத்தான் காலிபரேஷன் தாளில் ஸ்லோப் என்று பார்க்கிறோம். இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது: வெறும் 1 மில்லிவோல்ட் ஆட்டம் முடிவைக் கிட்டத்தட்ட 4 சதவீதம் நகர்த்திவிடும். 4.0 பொட்டாசியம் 4.15 ஆவது பெரிதாகத் தெரியாது. ஆனால் அதே ஆட்டம் சோடியத்துக்கும் நேர்ந்தால் 140 என்பது 145ஐத் தாண்டிவிடும், அதன் கன்ட்ரோல் முதலில் கத்தும். எர்த் சரியில்லாதது, ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு பழுதானது, குழாயில் குமிழி ஓடுவது போன்ற பொதுக் காரணங்கள் என்றால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் பாதிக்கப்படும். சோடியமும் குளோரைடும் அமைதியாக இருந்து பொட்டாசியம் மட்டும் தவறினால், பொட்டாசியம் எலக்ட்ரோடையே சந்தேகிக்க வேண்டும். கடந்த ஒரு மாத ஸ்லோப் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். படிப்படியாக இறங்கி வந்திருந்தால் எலக்ட்ரோடின் ஆயுள் முடிகிறது என்று பொருள்.

இங்கே உங்கள் பக்கமும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஈ. பகுதியைக் கிளீனிங் கரைசலால் சுத்தம் செய்த பிறகு, கையேடு கேட்கும் இடங்களில் சீரம் கொண்டு கண்டிஷனிங் செய்து (எலக்ட்ரோடைப் பழக்கப்படுத்தி), பிறகு காலிபரேஷன் செய்கிறீர்களா? காலை அவசரத்தில் கண்டிஷனிங்கை விட்டுவிட்டால், காலிபரேஷன் நன்றாக வந்துவிட்டு, சில மணி நேரத்தில் முடிவு நகரத் தொடங்கும். இன்ஜினியர் சுத்தம் செய்த நாள் நன்றாக இருந்து மறுநாள் கெடுகிறது என்றால் இதையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

தண்ணீரைப் பற்றி அவர் சொல்வதைத் தட்டிக்கழிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை மிகுந்த ஊர்களில் ஆர்.ஓ. மெம்பரேனும் டீஅயனைசர் ரெசினும் எதிர்பார்த்ததைவிட விரைவில் சோர்ந்துபோகும். மருத்துவ ஆய்வகத் தண்ணீரின் மின்தடைத்திறன் 25 டிகிரியில் குறைந்தது 10 மெகாஓம்-சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆனால் தண்ணீர்தான் காரணமென்றால் கால்சியம் போன்ற டெஸ்டுகளில் அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே “தண்ணி நல்லாதான் இருக்கு சார்” என்று வாதாடாமல், மீட்டர் காட்டிய எண்களையும் கால்சியம் சார்ட்டையும் காட்டுங்கள். மின்சாரமும் அப்படியே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தம் 2 அல்லது 3 வோல்ட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று பல கருவிகளின் நிறுவல் குறிப்பு கேட்கும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவதும் உண்டு. மருத்துவமனையின் எலக்ட்ரீஷியனை அழைத்து, இன்ஜினியர் இருக்கும்போதே அளந்து எழுதச் சொல்லுங்கள்; அளந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கு மறுபடி இடம் இருக்காது.

இன்ஜினியர் ஒரு பக்கமும் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் ஒரு பக்கமும் பழியைத் தள்ளுவது இத்துறையில் தினமும் நடப்பது. அதன் பின்னால் பெரும்பாலும் ஒப்பந்தம் இருக்கும். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் உதிரிப் பாகத்துக்குத் தனியாகக் காசு, சி.எம்.சி. (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் பெரும்பாலான பாகங்கள் உள்ளடக்கம், ஆனால் லேம்ப்பும் எலக்ட்ரோடும் நுகர்பொருள் என்று வெளியே நிற்கலாம். ரீஏஜென்ட் வாங்கும் உறுதியின் பேரில் கருவியை வைத்துப் போயிருந்தால் கணக்கு வேறு. அந்தப் பேரத்துக்குள் பயிற்சியாளர் இறங்க வேண்டியதில்லை, அது ஆய்வகப் பொறுப்பாளரின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, இருவரையும் தனித்தனியாகச் சந்திக்காமல், ஒரே நாளில், ஒரே கருவியின் முன், ஒரே தாளை வைத்துப் பேச வைக்கும்படி பொறுப்பாளரைக் கேட்பது. ஒரு லாட் கன்ட்ரோலை அதே இடத்தில் பத்து முறை தொடர்ந்து ஓட்டி சி.வி. (சிதறலின் சதவீத அளவு) பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வேறு லாட் ரீஏஜென்ட்டை வைத்து, அதற்குக் காலிபரேஷன் செய்து, மறுபடி பத்து முறை. இரண்டிலும் சிதறல் ஒரே அளவு என்றால் ரீஏஜென்ட் மீதான சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும். லாட் மாற்றியதும் அடங்கிவிட்டால் இன்ஜினியர் சொன்னது சரி. அதற்குச் செலவாகும் ரீஏஜென்ட்டைக் கணக்குப் பார்ப்பவர்களிடம், வாரக்கணக்கில் திரும்ப ஓட்டிய கன்ட்ரோல் எவ்வளவு ஆயிற்று என்று கேட்கலாம்.

பத்து முறை ஓட்டச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிதறல் வகைப் பழுதில், கெட்ட கருவியும் அவ்வப்போது நல்ல எண்ணைத் தரும். சுத்தம் செய்தவுடன் ஒருமுறை கன்ட்ரோல் உள்ளே வந்தது என்பது பழுது நீங்கியதற்குச் சான்று ஆகாது. உங்கள் ஆய்வகத்தில் பல வாரங்களாக நடந்தது அநேகமாக இதுதான்.

ஒன்றில் மட்டும் கடுமையாக இருங்கள். கன்ட்ரோல் உள்ளே வரவில்லை என்றால் ‘ஃபேக்டர் போட்டு’ சரிசெய்துவிட்டுப் போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதாவது, முடிவைப் பெருக்கும் எண்ணையோ கூட்டும் எண்ணையோ மென்பொருளில் மாற்றிவிடுவது. கன்ட்ரோலின் சராசரியையும் எஸ்.டி.யையும் அகலப்படுத்திவிடுவது இதன் இன்னொரு வடிவம். இதில் பழுது அப்படியே இருக்கும், அதைக் காட்டும் அடையாளம் மட்டும் அழியும். அதுவும் நாளை லேம்ப்பையோ எலக்ட்ரோடையோ மாற்றும்போது, இன்று போட்ட ஃபேக்டர் எல்லா நோயாளிகளின் முடிவையும் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆகவே இன்ஜினியர் கை வைப்பதற்கு முன் அந்த அமைப்புத் திரையை அச்செடுத்து வையுங்கள், அவர் முடித்ததும் ஒப்பிடுங்கள். மாற்றம் இருந்தால், “சார், இது எதுக்காக மாத்தினீங்கன்னு சர்வீஸ் ரிப்போர்ட்ல எழுதிடுங்க” என்று பணிவாகக் கேளுங்கள். எழுத மறுத்தால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் கை வைக்கப்போகும் பகுதியைக் கையேடு சொல்லும் கிருமிநாசினியால் துடைத்து, வேஸ்ட்டைக் காலி செய்து, அதை எழுதி வைத்த பிறகே அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஹைப்போகுளோரைட்டை எல்லாவற்றிலும் ஊற்றிவிடாதீர்கள், உலோகப் பாகங்களை அரித்துவிடும். கையுறை அவருக்கும் கட்டாயம். புரோப் குத்தினால், மருத்துவமனை ஊழியருக்குச் செய்யும் அதே நடைமுறை அவருக்கும் பொருந்தும். மூடி திறந்திருக்கும்போது இன்டர்லாக்கை (மூடி திறந்தால் இயக்கத்தை நிறுத்தும் பூட்டு) அவர் விலக்கி ஆர்மை ஓட்டிக்காட்டினால் உங்கள் கை மேசைக்கு வெளியே இருக்கட்டும். சூடான லேம்ப்பைத் தொடாதீர்கள், புதிய லேம்ப்பின் கண்ணாடியை வெறும் விரலால் பிடிக்காதீர்கள்.

அவர் மூடியைத் திறந்து வைத்திருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வகுப்பு. அலைன்மென்ட் செய்யும்போது குறுக்கே பேசாமல், முடித்ததும் ஒவ்வொரு பாகத்தையும் காட்டி, “இது கெட்டா எந்த டெஸ்ட் முதல்ல அடி வாங்கும் சார்?” என்று கேளுங்கள். ‘இது என்ன?’ என்ற கேள்விக்குக் கிடைப்பது பெயர் மட்டுமே.

இனி, அவர் ‘ஓகே’ சொன்ன பிறகு என்ன? ஆர்ம் சரியாக நகர்கிறது, அலாரம் வரவில்லை, லேம்ப்பின் ஒளி எல்லைக்குள் இருக்கிறது என்பதை உறுதிசெய்வது இன்ஜினியரின் பொறுப்பு. வெளிவரும் முடிவு நோயாளிக்குக் கொடுக்கத் தகுந்ததா என்பதை உறுதிசெய்வது ஆய்வகத்தின் பொறுப்பு, அதை அவரிடம் ஒப்படைக்க முடியாது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின் 2022 பதிப்பும், பழுதான கருவியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி அடையாளமிட்டு, சரியாகச் செயல்படுவது சரிபார்க்கப்பட்ட பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்றும், பழுதால் முந்தைய முடிவுகள் பாதிக்கப்பட்டனவா என்று ஆராய வேண்டும் என்றும் கேட்கிறது. உங்கள் ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யாமல் இருக்கக் காரணம் கிடையாது.

நடைமுறையில், லேம்ப் மாற்றினால் க்யூவெட் பிளாங்க் (சாம்பிள் இல்லாத க்யூவெட்டின் ஒளி அளவு) அளந்து, 340இல் படிக்கும் டெஸ்டுகள் உட்பட ஒளியை அளக்கும் டெஸ்டுகளுக்குக் கையேடு சொல்லும்படி காலிபரேஷன் செய்ய வேண்டும். எலக்ட்ரோடு மாற்றினால் அது நிலைப்பட அவகாசம் கொடுத்து ஐ.எஸ்.ஈ. காலிபரேஷன். பிறகு இரண்டு லெவல் கன்ட்ரோல், பத்து முறை ஓட்டிய சி.வி. அதன் பின், பழுதுக்கு முன் நல்ல முடிவு தந்த சாம்பிள்களில் முறையாகச் சேமித்தவை இருந்தால், தாழ்வு, இயல்பு, உயர்வு மூன்று மட்டத்திலும் சிலவற்றை எடுத்து மறுபடி ஓட்டி ஒப்பிட வேண்டும். பொட்டாசியத்துக்கு மட்டும் கவனம்: செல்லிலிருந்து பிரிக்காமல் வைத்த பழைய சாம்பிளில் அது தானாகவே உயர்ந்திருக்கும், ஆகவே பிரித்து வைத்த சீரத்தையே பயன்படுத்துங்கள், அல்லது புதிய சாம்பிளை வேறொரு கருவியிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். இவை முடியும்வரை அந்த இரண்டு டெஸ்டுகளை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை ஓட்டலாம்; அவசரப் பொட்டாசியத்தை பிளட் கேஸ் அனலைசரிலோ, ஒப்பந்தமுள்ள வேறு ஆய்வகத்திலோ பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

பின்னோக்கிப் பார்ப்பதும் பாக்கி இருக்கிறது. கடைசியாகக் கன்ட்ரோல் சரியாக வந்த நேரத்துக்கும் தவறிய நேரத்துக்கும் இடையில் வெளியே போன எஸ்.ஜி.பி.டி., பொட்டாசியம் முடிவுகளைப் பட்டியலிட்டு, பொறுப்பாளரிடமும் நோயியல் மருத்துவரிடமும் கொடுங்கள். 4.6 என்று இருக்க வேண்டிய இடத்தில் 6.6 என்று போயிருந்தால், தேவையில்லாத ஒருவருக்கு அவசர சிகிச்சை தொடங்கியிருப்பார்கள். திருப்பிப் போட்டால், தேவையான ஒருவருக்குத் தொடங்காமல் விட்டிருப்பார்கள். எதைத் திரும்பப் பார்ப்பது, யாருக்குத் தெரிவிப்பது என்று முடிவெடுப்பது அவர்கள். பட்டியலைத் தயாராக வைப்பது நீங்கள்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் பயிற்சியாளர் கையெழுத்திட்டு அழைப்பை முடித்துவைக்கக் கூடாது. வேறு ஆள் இல்லை, வந்ததற்கு மட்டும் கையெழுத்து வேண்டும் என்றால், “பழுது நீங்கியதா என்பது சரிபார்ப்பில் உள்ளது” என்று உங்கள் கையால் எழுதி, நேரத்தையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். ‘சிஸ்டம் வொர்க்கிங் ஓகே’ என்று அச்சிட்ட வரியின் கீழ் வெறுமனே கையெழுத்திட்டால், அடுத்த முறை அது புதுப் புகாராகிவிடும். பழைய பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது.

சீனியர் போனில் “ஓட்டிடு” என்றால் எதிர்த்துப் பேசத் தேவையில்லை. “அக்கா, லெவல் ரெண்டு பொட்டாசியம் இன்னும் ப்ளஸ் மூணுல இருக்கு. சோடியம் சரியா இருக்கு. பொட்டாசியத்தையும் எஸ்.ஜி.பி.டி.யையும் மட்டும் நிறுத்தி வெச்சுட்டு மத்ததை ஓட்டுறேன். நீங்க வந்து சார்ட்டைப் பார்த்துட்டு சொல்லுங்க” என்று எண்ணோடு சொல்லுங்கள். அதையே செய்தியாகவும் அனுப்புங்கள். அப்போதும் ஓட்டச் சொன்னால், சாம்பிளை ஓட்டினாலும் முடிவை வெளியிடும் பொத்தானை அழுத்தாதீர்கள். வெளியிடும் அதிகாரம் கையெழுத்திடத் தகுதி பெற்றவருக்கே உரியது, பயிற்சியாளருக்கு அல்ல. நோயியல் மருத்துவரின் அறைக்குச் சார்ட்டை எடுத்துச் சென்று காட்டுங்கள். அதன் பிறகு எடுக்கும் முடிவு அவருடையது, அதை அவர் பெயரிலேயே லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.